கால்பந்துப் போட்டி நாளில் மைதானத்தைச் சுற்றி வண்டி நிறுத்தும் தொல்லை தீர வழி இருக்கிறதா?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். போட்டி நாளில் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் ஏன் இப்படி அடைபடுகின்றன, அதற்கு யார் என்ன செய்யலாம் என்பது ஒன்று. வெளியூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு மேட்ச் பார்க்க வருகிறவர் வண்டியை எங்கே விடுவது என்பது இன்னொன்று. நான் பாளையங்கோட்டையில் ஒரு மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவன். பந்தாட்டம் என்றால் உயிர். அம்மா ஊர் உவரிப் பக்கம் கடற்கரை. அதனால் அடுத்தவர் வாசலில் வண்டியை விட்டுவிட்டு ஓடுகிறவர்களின் அவசரமும் தெரியும், வாசல் அடைபட்ட வீட்டுக்காரர்களின் வயிற்றெரிச்சலும் தெரியும்.

வழி இருக்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் நோட்டீஸ் அடிக்கும் முன்பே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய வேலை இது. பந்தல் யார், மைக் செட் யார், கோப்பை யார் செலவு, சிறப்பு விருந்தினர் யார் என்பதெல்லாம் ஒரு மாதம் முன்பே பேசி முடித்துவிடுகிறார்கள். வருகிற வண்டி எங்கே நிற்கும் என்ற பேச்சு மட்டும் எடுப்பாரில்லை. கடைசியில் அது போட்டியன்று சாயங்காலம் மூலையில் நின்று விசில் ஊதுகிற இரண்டு போலீஸ்காரர்கள் தலையில் விழுகிறது. அந்த நேரத்தில் அவர்களால் என்ன செய்ய முடியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 12.5 சதுர மீட்டர் வேண்டும், உள்ளே வந்து திரும்பி வெளியே போகிற பாதையையும் சேர்த்தால் 25 ஆகிவிடும். பைக்குக்கு 2 சதுர மீட்டர், பாதையோடு சேர்த்து 3 போதும். 10,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் பைக்கில் இரண்டிரண்டு பேராக வந்தால் 5,000 பைக், அதாவது 15,000 சதுர மீட்டர். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் உள்ள ஒரு கால்பந்து ஆடுகளம் 7,140 சதுர மீட்டர் வரும், ஆக இரண்டு ஆடுகளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அதே கூட்டம் காருக்கு மூன்று பேர் வீதம் வந்தால் 3,300க்கு மேல் கார், அதற்குப் பன்னிரண்டு ஆடுகளம் வேண்டும். பாளைக்குள் அவ்வளவு வெற்றிடத்துக்கு எங்கே போவது? நம் ஊரில் இன்னும் பைக்கில் வருகிற கூட்டம்தான் அதிகம், அதனால்தான் இந்த அளவோடு தப்பிக்கிறோம். கார் கூடக் கூட எந்த மைதானமும் தாங்காது.

இடத்தைவிடப் பெரிய சிக்கல் வெளியேறும் நேரம். வரும்போது கூட்டம் இரண்டு மணி நேரமாகச் சிறுகச் சிறுக வருகிறது. போகும்போது கடைசி விசில் அடித்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அத்தனை பேரும் வண்டியைக் கிளப்புகிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் பைக் நின்றால் நடுவில் ஒரு கார் போகத்தான் இடம் இருக்கும். எதிரே இன்னொரு கார் மூக்கை நுழைத்துவிட்டால் முடிந்தது கதை, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஆரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், யாரும் பின்வாங்க மாட்டார்கள், பின்வாங்க நினைத்தாலும் பின்னால் இடம் இருக்காது. மைதான வாசலில் கியூ நிற்பதைப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு உள்தெருவுக்குள் வந்து பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இறுதிப் போட்டி நடந்த ராத்திரி, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) பக்கம்தான், ஆட்டோவில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் ஆட்டோ தெரு முனையைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. வாசலிலேயே வரிசையாக பைக், பாதிக்கு மேல் சைடு லாக் போட்டது, உருட்டவும் முடியாது. கடைசியில் பெரியம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் அவர் மகனும் எதிர்வீட்டு அண்ணாச்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு பைக்குகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து முனைக்குக் கொண்டுபோனோம். ஒரு பையன் ஓடி வந்து, “அண்ணாச்சி, இது என் வண்டிதான், எடுத்துருதேன், எடுத்துருதேன்” என்று சாவியைத் தேடினான். நல்ல பையன்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருந்தால் அங்கே நிறுத்தியிருப்பான். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சந்தில் நாற்காலிக் கால் ஒரு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு நாங்கள் நின்ற நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும். பையன் மேல் இல்லை, நடத்தியவர்கள் மேல்.

ஏனென்றால் இதைவிடக் குறைந்த வசதியில் இதை ஒழுங்காகச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கிற கால்பந்துப் போட்டிகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அம்மா ஊரில் போட்டி என்றால் இடிந்தகரை, கூத்தங்குழி, பெருமணல் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வேனிலும் டாடா ஏஸிலும் கொடியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். ஊருக்குள் போவது ஒரே ரோடு. ஊர்ப் பையன்கள் என்ன செய்வார்கள் என்றால், இரண்டு நாள் முன்னாலேயே ஊருக்கு வெளியே தேரிப் பக்கம், அதாவது செம்மணல் மேட்டுப் பக்கம், உடைமரத்தையும் முள்ளையும் வெட்டி ஒதுக்கி, மைதானத்தில் கோடு போடுகிற அதே சுண்ணாம்புத் தூளால் அங்கேயும் வரிசை வரிசையாகக் கோடு போட்டுவிடுவார்கள். வேனுக்குத் தனி இடம், பைக்குக்குத் தனி இடம். ஊர் எல்லையிலேயே கயிறு கட்டி நிறுத்தி, “மாமா, வண்டி இந்தப் பக்கம், ஆள் அந்தப் பக்கம்” என்று பிரித்துவிடுவார்கள். தலைவர் வண்டியாக இருந்தாலும் அங்கேதான். பைக்கைப் பின்பக்கமாக ஏற்றி, முன்சக்கரம் பாதையைப் பார்க்கிற மாதிரிதான் நிறுத்த வேண்டும், போகும்போது திருப்புகிற வேலையே இல்லை. மணலில் சைடு ஸ்டாண்டு புதைந்து ஒரு வண்டி சாய்ந்தால் வரிசையே சரியும் இல்லையா, அதற்கு ஒரு சாக்கு நிறைய உடைந்த ஓட்டுச் சில்லு வைத்திருப்பார்கள், இறங்குகிறவர் கையில் ஆளுக்கு ஒன்று கொடுத்து ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் முதலில் பைக் வரிசைகள், வேன்காரர்கள் எல்லாரும் பரிசளிப்பு முடிகிற வரை காத்திருக்க வேண்டும். முணுமுணுப்பு இருக்கும், ஆனால் காத்திருப்பார்கள். இத்தனைக்கும் செலவு என்று பார்த்தால் சுண்ணாம்பும் கயிறும் பையன்களுக்கு டீ, வடையும்தான்.

பெரிய ஊர்களிலும் கடைசியில் இதே யோசனைதான். லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் 90,000 இருக்கை, ஆனால் அதில் ஒரு சிறு பங்குக்குத்தான் கார் நிறுத்த இடம். மீதிப் பேரில் பெரும்பாலோர் ரயிலிலோ பஸ்ஸிலோதான் வந்தாக வேண்டும். போட்டி நாளில் சுற்றியுள்ள தெருக்கள் முழுக்க அனுமதிச் சீட்டு வைத்திருக்கிற குடியிருப்பாளர்களின் வண்டிக்கு மட்டும்தான், மற்ற வண்டிக்கு அபராதம். ஆட்டம் முடிந்தபின் வெம்ப்ளி பார்க் ஸ்டேஷனுக்கு நடக்கிற கூட்டத்தை போலீஸ் தொகுதி தொகுதியாக நிறுத்தி நிறுத்தித்தான் விடுகிறது, எங்கள் ஊர்ப் பையன்கள் வேனை நிறுத்திவைக்கிற அதே முறை. ஜெர்மனியில் டோர்ட்முண்ட் மாதிரி 81,000 பேர் கூடுகிற மைதானத்தில் மேட்ச் டிக்கெட்டே அன்றைக்கு அந்த வட்டாரத்தின் பஸ், ரயில் டிக்கெட்டும் ஆகும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கொச்சி கலூர் ஸ்டேடியத்துக்கு 2017 அக்டோபரில் மெட்ரோ வந்தது, அதே மாதம்தான் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் அங்கே நடந்தன. ஸ்டேடியம் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, இறங்கினால் நடந்து போய்விடலாம்.

நமக்கு மெட்ரோ இல்லை, சரி. ஆனால் பாளைக்கு வேறு ஒரு சொத்து இருக்கிறது. தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர், எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளிக்கூடம், கல்லூரி, ஒவ்வொன்றுக்கும் மைதானம். விடுமுறை நாள் சாயங்காலம் பெரும்பாலான மைதானங்கள் பூட்டித்தான் கிடக்கும். போட்டியும் பெரும்பாலும் அன்றைக்குத்தான் இருக்கும். போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு மூன்று பள்ளி நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பைக்குக்குப் பத்து ரூபாய் வசூலித்து அதைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டால் யார் மறுக்கப் போகிறார்கள்? மறுநாள் காலையில் குப்பையைப் பொறுக்கிச் சுத்தம் செய்து கொடுப்பதும் பேச்சில் சேர வேண்டும், ஒரு தடவை குப்பையைப் போட்டுவிட்டுப் போனால் அடுத்த தடவை கேட் திறக்காது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று நோட்டீஸிலும் வாட்ஸப்பிலும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். சமாதானபுரம் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று, முருகன்குறிச்சி வழியாக வருகிறவர்களுக்கு ஒன்று என்று. வந்தபின் தேடவிட்டால் எல்லாரும் மைதான வாசல் வரை வந்து, இடம் இல்லாமல், பக்கத்துத் தெருவுக்குள்தான் திரும்புவார்கள்.

தெருவில் நிற்கிற வண்டியை போலீஸ் இழுத்துப் போகலாமா என்று சட்டத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். மோட்டார் வாகனச் சட்டம், 1988, 122ஆம் பிரிவு பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஆகும்படி பொது இடத்தில் வண்டியை விடக் கூடாது என்கிறது. 127ஆம் பிரிவின்படி பத்து மணி நேரமாக யாரும் இல்லாமல் கிடக்கிற வண்டி, நிறுத்தத் தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கிற வண்டி, ஆளில்லாமல் நின்று போக்குவரத்துக்கு ஆபத்தாகிற வண்டி ஆகியவற்றை இழுத்துப் போகலாம். மேட்ச் பார்க்க வந்தவர் பத்து மணி நேரம் நிறுத்துவதில்லை, ஆபத்தா இல்லையா என்பதிலோ வாக்குவாதம்தான் வரும். ஆகவே அன்றைக்கு அந்தத் தெருவில் நோ பார்க்கிங் என்று காவல்துறை முறையாக அறிவித்துப் பலகை வைத்திருந்தால் இழுக்கிற வேலை சுலபமாக நடக்கும். தெருக்காரர்கள் போட்டிக்கு முந்தின வாரமே சேர்ந்து போய் மனு கொடுக்க வேண்டியது இதற்குத்தான். எல்லாத் தெருவையும் கேட்காதீர்கள், கிடைக்காது. ஆம்புலன்ஸ் போக ஐகிரவுண்டு பக்கம் ஒரு பாதை, அதில் ஒரு பக்கம்கூட வண்டி நிற்கக் கூடாது என்று அந்த ஒன்றை மட்டும் உறுதியாகக் கேளுங்கள். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடினால் அந்தப் பக்கம் எப்படி ஆகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும், அதனால் எந்தப் பாதை என்பதையும் நீங்களே வரைந்து கொண்டுபோய்க் கொடுங்கள். அப்புறம், தெருவில் நிற்கிற வண்டிக்கு யாராவது கையில் ரசீதுப் புத்தகத்தோடு வந்து காசு கேட்டால் கொடுக்காதீர்கள், பொதுச் சாலையில் கட்டணம் வசூலிக்க மாநகராட்சியோ அதனிடம் குத்தகை எடுத்தவரோ தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை.

வெளியூரிலிருந்து வருகிறவருக்கு என் பதில்: முடிந்தவரை வண்டியைப் பாளைக்குள் கொண்டுவராதீர்கள். திருச்செந்தூர், நாசரேத், ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்றால் ரயிலே இருக்கிறது, அந்த லைனில் பாளையங்கோட்டைக்கென்றே ஸ்டேஷன் உண்டு, திரும்பிப் போகிற வண்டி நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தென்காசி, அம்பாசமுத்திரம், கோவில்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் திருநெல்வேலி ஜங்ஷன் ரயில் நிலையத்தில் கட்டணம் கட்டி வண்டியை விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி வழியாகப் பாளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கலாம். நாகர்கோவில் பக்கம் என்றால் வேய்ந்தான்குளம் புதுப் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கிருந்து பாளை பஸ் பிடியுங்கள். பைக்கில்தான் வருவேன் என்றால் தெரு முனையை விட்டுத் தள்ளி, கேட் இல்லாத சுவர் ஓரமாக, முன்சக்கரம் ரோட்டைப் பார்த்து நிறுத்துங்கள். ஒரு பேப்பரில் உங்கள் போன் நம்பரை எழுதி ஸ்பீடோமீட்டர் மேல் செருகிவிட்டால் அவசரத்துக்குக் கூப்பிடவாவது முடியும், மேட்ச் நடுவில் போன் வந்தால் எடுங்கள். ஆட்டம் 5 மணிக்கு என்றால் 3:30க்குள் முருகன்குறிச்சியைத் தாண்டிவிடப் பாருங்கள். அதற்கு மேல் டவுன் பஸ்ஸும் ஊர்ந்துதான் வரும்.