ஆலிஸ் மன்றோ, மார்கரெட் அட்வுட் தவிர்த்து, நீங்கள் படிக்கச் சொல்லும் கனடியப் பெண் எழுத்தாளர் யார்?

மேவிஸ் காலன்ட். யோசிக்கவே வேண்டியதில்லை.

1922-ல் மாண்ட்ரியலில் பிறந்தவர். ஆங்கிலம் பேசும் வீடு. ஆனால் நான்கு வயதிலேயே பிரெஞ்சு பேசும் கன்னியர் மடத்து விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். மொத்தம் 17 பள்ளிகள் மாறியிருக்கிறார். பத்து வயதில் அப்பா இறந்துபோனார், ஆனால் அதை மகளிடம் யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்து போயிருக்கிறார் என்றே சொல்லிவைத்தார்கள். அந்தப் பெண்ணும் அப்பா வருவார் வருவார் என்று சில வருடங்கள் காத்திருந்தது. அம்மாவோ மறுமணம் செய்துகொண்டு நியூயார்க் போய்விட்டார். பெரியவர்கள் சொல்வதை லேசில் நம்பாத குழந்தைகள் இவர் கதைகளில் நிறைய வருவார்கள். ஏன் என்று கேட்கவா வேண்டும்!

இருபதுகளில் 'மாண்ட்ரியல் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் நிருபர். கல்யாணம், சில வருடங்களில் விவாகரத்து. அப்புறம் 1950-ல் நல்ல வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். இரண்டு வருடம் கதை எழுதி மட்டுமே பிழைத்துப் பார்ப்பது, முடியாவிட்டால் எழுத்தையே விட்டுவிடுவது என்று தனக்குத்தானே கெடு.

1952-ல் மாட்ரிட் நகரில் கையில் காசில்லை. இருந்த சாமான்களை விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கதைகளைப் பத்திரிகைகளுக்கு விற்றுத்தர அமெரிக்காவில் இருந்த முகவர் ஜாக் ஷாம்ப்ரன், கதைகள் எதுவும் விலைபோகவில்லை என்றே சொல்லிவந்தார். ஒருநாள் மாட்ரிட்டில் ஒரு நூலகத்தில் 'நியூயார்க்கர்' என்ற அமெரிக்க வார இதழைப் புரட்டினால், உள்ளே தன் கதை! பத்திரிகை கதைகளை வாங்கிப் பணமும் கொடுத்திருக்கிறது, முகவர் அதை அமுக்கிவிட்டார். அந்த நாட்களில் எழுதிய டைரியின் பகுதிகளை 2012-ல் அதே நியூயார்க்கர் வெளியிட்டது. பட்டினியிலும் மாட்ரிட் தெருவில் போகிற வருகிறவர்களை எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார் என்பது அதைப் படித்தால் தெரியும்.

பிறகு பாரிஸில் தங்கி, 2014-ல் இறக்கும்வரை அதுவே ஊர். சுற்றிலும் பிரெஞ்சு, எழுதியது முழுக்க ஆங்கிலம். நியூயார்க்கரில் மட்டும் 116 கதைகள். நாவல் இரண்டே இரண்டுதான். அவற்றை நிதானமாகப் பிறகு படித்துக்கொள்ளலாம், கதைகள்தான் அவர்.

கனடா அவரைக் கண்டுகொள்ள ரொம்ப நாளாயிற்று. 1981-ல் வந்த 'ஹோம் ட்ரூத்ஸ்' தொகுப்புக்குத்தான் கனடாவின் பெரிய இலக்கிய விருதான கவர்னர் ஜெனரல் விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 59.

ஆரம்பிக்க நல்ல இடமும் அந்தத் தொகுப்புதான். அதில் லினெட் மியூர் என்ற பெண்ணைப் பற்றித் தொடர்ச்சியாகச் சில கதைகள் உண்டு. இளவயதில் தனியாக மாண்ட்ரியலுக்குத் திரும்பிவந்து, அப்பா எப்படி இறந்தார் என்று அவருடைய பழைய நண்பர்களிடம் விசாரித்துக்கொண்டு திரிகிறாள். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்தக் கதைகளை முதலில் படியுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். ஒரு கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வேறு எதையாவது படிக்கச் சொல்லி ஒரு தொகுப்பின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.