பனியன் கம்பெனியில் 45 நாள்: ஃபேஷன், அழகுக்கலை மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

திருப்பூரில் 18 வருடமாக இருக்கிறேன். முதலில் மெர்ச்சண்டைசர் (வாங்குபவரின் ஆர்டரை ஆரம்பம் முதல் அனுப்பும் வரை கவனிப்பவர்), இப்போது ஒரு ஏற்றுமதி கம்பெனியில் சாம்பிள் ரூம் என் பொறுப்பு. வருடா வருடம் இன்டர்ன்ஷிப்புக்கு வருகிற பிள்ளைகள் என் கையில்தான் வந்து விழுவார்கள். "ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லி வைத்தேன், கேள்விகள் கொட்டிவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மேக்கப் பற்றிய பதில் என் தங்கையுடையது. கோவையில் 9 வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறாள்.

அக்கா, 45 நாள் இன்டர்ன்ஷிப்பில் பத்து நாள் போய்விட்டது. செக்கிங் டேபிளில் நிற்க வைத்திருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை, டிசைன் பக்கமே விடவில்லை. (ஈரோடு, மூன்றாம் ஆண்டு மாணவி)

செக்கிங் டேபிளா? கொடுத்து வைத்தவள். ஒரு டிசைனில் என்னென்ன தப்பு வரும் என்பது மொத்தமாக வந்து குவிகிற இடம் அது. கழுத்து ரிப் அலை அலையாக நிற்கும், பேட்லாக் (ஃப்ளாட்லாக்) ஓரத் தையல் விட்டிருக்கும், சைடு தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்திருக்கும். ஒரு நோட்டு போட்டு, எந்தத் தப்பு எத்தனை பீஸ் என்று மூன்று நாள் கோடு கிழித்து எண்ணு. சைடு முறுக்கலைப் பார்த்தால் டெய்லர் மேல்தான் கோபம் வரும், ஆனால் சிங்கிள் ஜெர்சியில் (சாதாரண டி-ஷர்ட் துணி) நூலுக்குள் இருக்கும் முறுக்கே துணியைச் சாய்க்கும், நிட்டிங் மெஷினில் நூல் ஊட்டும் ஃபீடர் அதிகமானாலும் சாயும், ஃபினிஷிங்கில் துணியைச் சரியாக நிலைப்படுத்தாவிட்டால் முதல் துவைப்பிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். சூப்பர்வைசரிடம் போய், "அண்ணா, நேற்று நான் பார்த்த 40 பீஸில் 11 முறுக்கியிருந்தது, எல்லாம் ஒரே ரோல் துணியா?" என்று கேட்டுப்பார். "எனக்கு ஏதாவது சொல்லித் தாருங்கள்" என்று கேட்டால் யாருக்கும் நேரமிருக்காது. இப்படிக் கேட்டால் அவரே ரோலைத் தேடிக்கொண்டு உன்னோடு நடப்பார்.

மீதி 35 நாளைக்கு ஒரே ஒரு ஸ்டைலைப் பிடித்துக்கொள். இங்கே நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமலிருக்க அழுத்துவது) ஓரிடம், பிரிண்டிங் இன்னோரிடம், முக்கால்வாசி ஜாப் ஒர்க்தான், அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்வது. மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு துணி வண்டியிலேயே ஏறிப் போ. உன் வகுப்பில் வேறு யாரும் போயிருக்க மாட்டார்கள்.

மென்டர் ஒருவர் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படித் தேடுவது? நீங்களே இருக்க முடியுமா? (நான்கு பேர் கேட்டது)

"எனக்கு மென்டராக இருப்பீர்களா?" என்று மெசேஜ் வந்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஏதோ தத்தெடுக்கச் சொல்கிற மாதிரி. அதற்குப் பதிலாக ஒரு படம் அனுப்பு, நீ என்ன செய்து பார்த்தாய், எங்கே மாட்டிக்கொண்டாய் என்று நாலு வரி எழுது. ஐந்து நிமிடத்தில் பதில் வரும். சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு, சரியாக வராவிட்டாலும், அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று சொல். பாதிப் பேர் இந்த இரண்டாவது மெசேஜை அனுப்புவதே இல்லை.

எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு டையிங் மாஸ்டர், பள்ளிப்படிப்பை ஏழாம் வகுப்போடு நிறுத்தியவர். நான் ட்ரெய்னியாக இருந்தபோது ஒரு பச்சை நிறத்துக்கு வந்த லேப் டிப்பை (சாயம் போடும் முன் சின்னத் துண்டில் காட்டும் நிற மாதிரி) ஆபீஸ் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து "சரி, ஓட்டுங்கள்" என்று சொல்லிவிட்டேன். 300 கிலோ சாயம் ஆனது. வெயிலில் விரித்தால் மஞ்சள் அடித்தது. முழுவதையும் கருப்பாக ஓட்டித்தான் காப்பாற்றினார்கள். எல்லோரும் திட்டி முடித்த பிறகு அவர் என்னை லைட் பாக்ஸ் முன்னால் உட்கார வைத்து, பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கையும் கடை விளக்கான டிஎல்84-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே துணி இரண்டு நிறமாவதைக் காட்டினார். ஒரு மணி நேரம் இருக்கும். அவரிடம் நான் போய் மென்டராக இருங்கள் என்று கேட்கவில்லை, அவரும் ஆகிறேன் என்று சொல்லவில்லை.

எங்கள் வகுப்புக்கு ஒரு பிராண்ட் நிஜமான ப்ரீஃப் (என்ன வேண்டும் என்ற குறிப்பு) கொடுத்தது, டி-ஷர்ட் கலெக்ஷன். எங்கள் குழுவின் டிசைன் நன்றாக இருக்கிறது என்றார்கள், ஆனால் விலைக்கு வராது என்று தள்ளிவிட்டார்கள். காலேஜில் காஸ்டிங் (செலவுக் கணக்கு) யாரும் கேட்டதே இல்லை. (சென்னை)

உங்களுக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான பாடம் இதுதான், தோற்றதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

சாதாரண டி-ஷர்ட்: உயரம் 70 செ.மீ., கை 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, மொத்தம் 102. அகலம் பாதி மார்பு 52, தையலுக்கு 4, ஆக 56. 102-ஐ 56-ஆல் பெருக்கி, முன் பின் இரண்டுக்குமாக இரட்டித்தால் 11,424 சதுர செ.மீ. துணி 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம்) என்றால் சுமார் 183 கிராம். 10 சதவீதம் கழிவு சேர்த்தால் 201 கிராம்.

நீங்கள் அனுப்பிய டெக் பேக்கில் (அளவு, துணி விவரத் தாள்) ஓவர்சைஸ்: உயரம் 76, கை 26, மார்பு 64, துணி 240 ஜிஎஸ்எம். அதே கணக்கில் 402 கிராம். சரியாக இரட்டிப்பு! துணி கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், துணிக்கு மட்டும் 100 ரூபாய் ஆகும் இடத்தில் 201 ரூபாய் ஆகிறது. பின்னலாடையில் செலவின் பெரும்பங்கு துணிதான், பட்டனிலும் லேபிளிலும் மிச்சம் பிடித்து இதை ஈடுகட்ட முடியாது. 240-ஐ 200 ஆக்கி, மார்பில் 4 செ.மீ. குறைத்திருந்தால் சுமார் 315 கிராமுக்கு வந்திருக்கும், ஓவர்சைஸ் தோற்றமும் போயிருக்காது. அந்த பிராண்டில் உங்களுக்கு வழிகாட்ட வந்தவர் இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்றால் அது அவர் தவறு, உங்களுடையது அல்ல.

ஜிஎஸ்எம் கட்டரை இதுவரை தொடாதவர்களுக்கு: அது 100 சதுர செ.மீ. வட்டமாகத் துணியை வெட்டும். அந்தத் துண்டின் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.6 கிராம் என்றால் 160. அவ்வளவுதான் வித்தை.

குழுவில் ஐந்து பேர், வேலை செய்வது நான் மட்டும். என்ன செய்ய?

யார் எதைச் செய்தார்கள் என்று ப்ராஜெக்ட் கோப்பிலேயே பெயரோடு எழுதிவிடு. சண்டை வரும், வரட்டும்.

ப்ராஜெக்டுக்கு நான் வரைந்த பிரிண்ட்டை கம்பெனி பயன்படுத்தினால் அது யாருடையது? போர்ட்ஃபோலியோவில் போடலாமா? (கோவை)

நீ கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் முதல் பதில். ஆகவே தொடங்கும் முன் அதைப் படி, இல்லை என்றால் கல்லூரி வழியாக எழுத்தில் கேள். சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். 2000-ம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதிவு செய்தால் 10 வருடப் பாதுகாப்பு, மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்கு முன்பே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் அது "ஏற்கெனவே வெளியானது" ஆகிவிடும், பதிவு கிடைக்காது. இன்னொன்று, பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதித்தவரோ இயந்திரத்தில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அந்த டிசைன் மேல் பதிப்புரிமையும் (காப்பிரைட்) கோர முடியாது. போர்ட்ஃபோலியோவில் போடுவதற்கு, சரக்கு கடைக்கு வந்த பிறகு மெயிலில் அனுமதி கேள். பெரும்பாலும் தருவார்கள். வராத சீசன் டிசைனைக் காட்டினால் கம்பெனிக்கு சரக்கு வாங்கும் பையரிடமே சிக்கல் வரும்.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் சரியா? ஓரிடத்தில் நாங்களே பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

பணம் கட்டாதே. கட்டினால் அது கோர்ஸ், இன்டர்ன்ஷிப் இல்லை. 1961-ம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவாகிச் சேர்ந்தால் உதவித்தொகை உண்டு, கல்லூரி அனுப்பும் இன்டர்ன்ஷிப் தானாக அதில் வராது. மாணவர்களுக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடுமாவது தர வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் நானே சண்டை போட்டிருக்கிறேன், ஒரு வருடம் ஜெயித்தேன், அடுத்த வருடம் தோற்றேன்.

கைத்தறி கிளஸ்டர் (நெசவாளர்கள் சேர்ந்து வாழும் பகுதி) ப்ராஜெக்டுக்கு காஞ்சிபுரம் போனோம். நெசவாளர் எங்கள் டிசைனைச் செய்யவே மறுக்கிறார், மாற்றத்துக்குத் தயாராக இல்லை. (டெக்ஸ்டைல் டிசைன் மாணவர்)

தம்பி, கொஞ்சம் நில்லு. அவர் தறியில் இப்போது ஏறியிருக்கும் பாவு (நீளவாக்கு இழைகள்) சில சேலைகளுக்கானது. நடுவில் நீ போய் உடல் நிறத்தை மாற்றச் சொன்னால் அவர் என்ன செய்வார்? பூ வேலையை மாற்ற ஜக்கார்டுக்குப் புது அட்டை அடிக்க வேண்டும், அந்தக் காசு யார் தருவது? உடலையும் கரையையும் தனித்தனி இழையில் நெய்து கோக்கும் கோர்வைக் கரை என்றால் மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடுவது), பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தால்தான் ஓடும். முந்தானை வேறு நிறம் வேண்டுமென்றால் பிட்னி போட வேண்டும், பழைய பாவு இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகக் கோத்து மாற்றுகிற வேலை அது. நீ போட்டோஷாப்பில் ஒரு சொடுக்கில் செய்ததற்கு அவர் வீட்டில் ஒரு நாள் கூலி போகிறது.

இரண்டு நாள் தறிக்குழிப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார். பிறகு, "இந்தப் பாவிலேயே, இந்த அட்டையிலேயே, ஊடை (குறுக்கு இழை) நிறத்தை மட்டும் மாற்றினால் என்னென்ன வரும்?" என்று கேள். அவரே நாலு துண்டு நெய்து காட்டுவார். நிஃப்ட் (தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனம்) போன்ற இடங்களில் கிளஸ்டருக்கு அனுப்புவதே பார்க்கத்தான், பல பிள்ளைகள் திருத்தப் போகிறார்கள்.

10 நாள் பிரைடல் மேக்கப் கோர்ஸ் முடித்துவிட்டேன். நேராக ஆர்டர் எடுக்கலாமா, யாரிடமாவது அசிஸ்டென்ட்டாகச் சேரலாமா? (மதுரை)

தங்கை சொன்னது: அசிஸ்டென்ட்டாகத்தான் போக வேண்டும், ஒரு முழு முகூர்த்த சீசன். விடியற்கால முகூர்த்தம் என்றால் இரவு ஒரு மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் பிரஷ் கழுவுவது, சேலைக்கு முதல் நாளே மடிப்பு வைத்து அயர்ன் செய்வது, பூ ஜடைக்கு ஊசி எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. அதற்குள், மணப்பெண் அழுதால் எங்கே ஒற்றுவது, நாத்தனார் "இன்னும் வெள்ளையாகப் போடுங்கள்" என்றால் என்ன பதில் சொல்வது, இதெல்லாம் தெரிந்துவிடும். ஃபவுண்டேஷனைக் கையில் தேய்த்துப் பார்க்காதே, தாடையில் பார், மண்டபத்து மஞ்சள் விளக்கில் பார்க்காமல் ஜன்னல் பக்கம் கூட்டிப் போய்ப் பார் (என் லேப் டிப் கதைதான் இங்கேயும்!). பவுடர் அதிகமானால் கேமரா ஃப்ளாஷில் முகம் மாவு பூசியது போல வெளுத்துவிடும், போன் டார்ச்சில் தெரியாது, ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடு. ஹேர் டை போட வேண்டியிருந்தால் 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னால் பேட்ச் டெஸ்ட் (ஒவ்வாமைச் சோதனை), அதில் சமரசமே கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் இருக்காது, புதிதாகப் பழக அதுதான் நேரம்.

எனக்கு ஆங்கிலம் வராது. மெர்ச்சண்டைசிங் முடியுமா?

முடியும். பையருக்குப் போகும் மெயில்கள் திரும்பத் திரும்ப ஒரே இருபது முப்பது வாக்கியங்கள்தான், பழைய மெயில்களைப் பார்த்து எழுதிப் பழகு. அளவு, தேதி, எண்ணிக்கை மூன்றும் தப்பாமல் இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை.

இன்டர்வியூவில் போர்ட்ஃபோலியோவைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எதை முதலில் வைப்பது?

என்னிடம் வந்தவர்களில் இன்றும் நினைவிருக்கும் ஒரு பெண், பையர் திருப்பி அனுப்பிய ஃபிட் சாம்பிள் (அளவு சரியா என்று பார்க்கத் தைக்கும் மாதிரி) ஒன்றை பையில் கொண்டு வந்திருந்தாள். அவள் இன்டர்ன்ஷிப் செய்த கம்பெனி கழிவு என்று கொடுத்தது. அதில் பையர் எழுதிய குறைகள், பேட்டர்னில் அவள் என்ன மாற்றினாள், இரண்டாவது சாம்பிள் எப்படி வந்தது, மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். தோள்பட்டையில் 1 செ.மீ. கதைதான். இல்லஸ்ட்ரேஷன் பக்கங்களை நாங்கள் திறக்கவே இல்லை, அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள்.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்? (நிறையப் பேர்)

இஞ்ச் டேப், சின்ன நோட்டு, பேனா, தண்ணீர் பாட்டில். ஹீல்ஸ் வேண்டாம், நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். பேனாவை இரண்டாகக் கொண்டு வாருங்கள், முதல் நாளே கட்டிங் மாஸ்டர் ஒன்றை வாங்கிக்கொள்வார், திரும்பி வராது.