ஹெர்னியா என்று சொல்லி வைத்த ஆபரேஷன்

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்த பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் தினமும் நாலைந்து டயப்பர் மாற்றினார். ஒன்றரை வருடம் முன்பு செயற்கை ஸ்பிங்டர் என்ற கருவியை வைத்தோம், நன்றாக இருந்தார். போன மாதம் சுகர் இறங்கி மயங்கி விழுந்தார். அம்மாதான் பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்தார் (அம்மாவிடம் ஹெர்னியா ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருந்தோம்). அங்கே நாலு நாள் யூரின் ட்யூப் போட்டிருந்தார்கள். இப்போது மறுபடி கசிவு, எரிச்சல், விதைப்பையில் வீக்கம். கருவியை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். தரமில்லாத மெஷினைத் தலையில் கட்டிவிட்டார்களா? கம்பெனி மேல் கேஸ் போடலாமா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: கேஸ் இருக்கட்டும் தம்பி. அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். டயப்பர் வாங்கி, மாற்றி, படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்ட மனைவியிடம் மறைக்க இன்னும் என்ன மிச்சம் இருந்தது?

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். தண்ணீர் நிரம்பிய ஒரு பட்டை, சிறுநீர் வெளியே வரும் குழாயான சிறுநீர்த் தாரையைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும். விதைப்பைக்குள் உள்ள பம்பை அமுக்கினால் பட்டையிலிருக்கும் நீர் வயிற்றுக்குள் வைத்த பலூனுக்குப் போய் வழி திறக்கும். சில நிமிடங்களில் தானே மறுபடி இறுகிவிடும். இறுகிய பட்டைக்குள் ட்யூபைத் திணித்தால் உள்சவ்வு கிழியும். அப்படியே விட்டுவைத்தால் ட்யூபுக்கும் பட்டைக்கும் நடுவில் தாரையின் சுவர் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று அழுகும். பட்டை உள்ளே துருத்திக்கொண்டு வரும். ரேடியேஷன் வாங்கிய இடம் என்பதால் இன்னும் சீக்கிரம்.

மெஷின் பழுது வேறு மாதிரி இருக்கும். நீர் ஒழுகிப் போனால் வலியில்லாமல் திடீரென்று கசியும். பட்டைக்கு அடியில் தாரை மெலிந்தால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவு கூடும். பத்து வருடத்துக்குள் பலருக்கு இதற்காக மறு ஆபரேஷன் ஆகத்தான் செய்கிறது. ட்யூப் போட்ட கையோடு எரிச்சலும் வீக்கமும் வந்தால் கம்பெனியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

நர்சிங் ஹோம்காரர்களையும் என்னால் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. மயங்கிக் கிடப்பவருக்கு ட்யூப் போடுவது வழக்கம்தான். “உள்ளே கருவி இருக்கிறது, யூராலஜி டாக்டரைக் கூப்பிடாமல் போடாதீர்கள்” என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பம்பை அமுக்கிப் பட்டையைத் திறந்து, பம்ப் லேசாக நிரம்பியதும் பக்கத்துப் பொத்தானை அழுத்தி, திறந்த நிலையிலேயே நிறுத்தியிருப்பார்கள். பிறகு 12 சைஸ் மெல்லிய ட்யூபைப் போட்டு ஓரிரு நாளில் எடுத்திருப்பார்கள். அதிக நாள் தேவையென்றால் அடிவயிறு வழியாகப் போடுவார்கள், அதையும் பலூன் எங்கே இருக்கிறதென்று பார்த்து.

அப்பாவுக்குக் கூச்சம், புரிகிறது. படித்த பிள்ளை நீங்கள், அந்தக் கூச்சத்துக்குக் காவல் நின்றது தப்பு. கட்டிய மனைவிக்குத் தெரியாமல் ஒருவர் உடம்பில் எந்தக் கருவியும் இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டாக்டர் சொன்னபடி எடுத்துவிடுங்கள். தாரைக்குள் வந்துவிட்ட பட்டையை ஆன்டிபயாடிக் காப்பாற்றாது. சீழ் பிடித்திருந்தால் பம்ப், பலூன் எல்லாமே வெளியே வர வேண்டும். ஓட்டை ஆறும் வரை சில வாரம் ட்யூப், அதன்பின் மறுபடி டயப்பர். மூன்று முதல் ஆறு மாதம் கழித்து, தாரை சுருங்காமல் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறு இடத்தில் புதுப் பட்டை வைக்க முடியுமா என்று டாக்டர் முடிவு செய்வார். சுகரைக் கட்டுக்குள் வைக்காமல் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அப்பாவை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே. அதற்கிடையில் காய்ச்சலோ குளிரோ வந்தாலும், விதைப்பைத் தோல் சிவந்து சூடாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இந்தத் தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு.