மழை வந்தால் மங்கும் பின் விளக்கு: வயரிங்கை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். மழை வந்தாலும், வண்டியைக் கழுவினாலும் இடது பின் விளக்கு மங்கிவிடுகிறது. பிரேக்கை மிதித்தால் அந்தப் பக்க இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. பல்பு மாற்றியாகிவிட்டது, ஒயர்களைச் சேர்க்கும் கப்ளரைத் துடைத்து டேப் சுற்றியும் பார்த்தாகிவிட்டது. கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், மறுபடியும் அதே கதை. பின்பக்க வயரிங்கை மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு அறிகுறி போதும். பிரேக், பார்க், இண்டிகேட்டர் மூன்றுக்கும் சப்ளை தனித்தனி ஒயரில் வருகிறது, எர்த், அதாவது கரண்ட் சேஸிஸ் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, மட்டும் பொது. அந்த எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால், பிரேக் பல்பைத் தாண்டி வந்த கரண்ட் இண்டிகேட்டர் பல்புக்குள் பின்வழியாகப் புகுந்து, முன்பக்க இண்டிகேட்டரில் இருக்கும் நல்ல எர்த்தைத் தேடிப் போகும். பிரேக்கை ஒருவர் மிதிக்க, நீங்கள் வண்டிக்கு முன்னால் நின்று பாருங்கள். இடது முன் இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால் சந்தேகமே இல்லை. எரியாவிட்டாலும் எர்த்தைச் சோதிக்காமல் விட வேண்டாம்.

சோதனைக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசி நிலையில் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பின்பக்கம் வரை எட்டுகிற மாதிரி ஒரு நீள ஒயரைக் கறுப்பு முனையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த் பகுதியில் வைத்து, பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.1, 0.2 வோல்ட் வந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5க்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை. பிரேக்கை மிதிக்காமல், கரண்ட் ஓடாமல் இதை அளந்தால் ஒன்றும் தெரியாது.

பல பட்டறைகளில் இதற்குப் பதிலாக ஓம் நிலையில் வைத்து, பீப் சத்தம் வந்ததும் "ஒயர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அந்த பீப் வரும். 21 வாட் பிரேக் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கிறது. அதன் பாதையில் ஒரே ஒரு ஓம் தடை சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும், வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அந்த ஒரு ஓம் பீப் சோதனையில் தெரியவே தெரியாது.

சரி, இது ஏன் உங்கள் வண்டிக்குத் திரும்பத் திரும்ப வருகிறது? மழைத் தண்ணீர் மட்டும் என்றால் காய்ந்ததும் பாதிப் பிரச்சினை போய்விடும். உங்கள் வண்டியில் வடிவது மீன் பெட்டியின் ஐஸ் தண்ணீர், அதில் உப்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் கரண்டை நன்றாகக் கடத்தும். கப்ளருக்குள் ஒரு சொட்டு தங்கினால், உள்ளே இருக்கும் உலோக முனைகளில் (பின்) சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அது ஒரு சின்ன மின்முலாம் தொட்டியாக மாறி, பாசிட்டிவ் பக்கத்துத் தாமிரத்தைக் கரைக்கத் தொடங்கும். கப்ளருக்குள் படியும் பச்சைக் களிம்பு அதுதான். எப்போதும் சப்ளை நிற்கும் பின் முதலில் கெடுவதும் இதனால்தான். தண்ணீர் வற்றினாலும் உப்பு போகாது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் மழையே பெய்யாத நாளிலும் கப்ளருக்குள் ஈரம் இருக்கும்.

நீங்கள் சுற்றிய டேப்பும் உதவவில்லை, கெடுதல்தான் செய்திருக்கிறது. சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் இளகி நழுவிவிடும். அந்த இடைவெளியில் தண்ணீர் நுழையும், வெளியே வர வழி இருக்காது.

ஆகவே முதல் வேலை வயரிங்கில் இல்லை, மீன் பெட்டி ஏற்றும் லோடு பாடியில் இருக்கிறது. லோடு பாடியின் வடிகால் ஓட்டை எங்கே இருக்கிறது, அதிலிருந்து விழும் தண்ணீர் எதன்மேல் ஓடுகிறது என்று குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் அது பின் குறுக்குச் சட்டத்தின் மேல் ஓடி, அங்கே கட்டியிருக்கும் ஒயர் கட்டை நனைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, சேஸிஸுக்குக் கீழே இறக்கி, முடிந்தால் ஒரு கேனில் விடுங்கள். பின்னால் பைக்கில் வருகிறவர்களும் உங்களைத் திட்ட மாட்டார்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு செலவழித்தாலும் அடுத்த சீசனில் அதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

அப்புறம் எர்த். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பின் விளக்கின் எர்த் ஒயர் சேஸிஸில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைக் கழற்றி, துருவையும் பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளக்கும் வரை கொண்டுவாருங்கள். ஒயர் நுனியில் போல்ட் மாட்டும் வளையம் (லக்) பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். பல் வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே பெயிண்டோ கிரீஸோ தடவுங்கள். பெயிண்டை முதலில் அடித்துவிட்டு அதன்மேல் லக்கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் வரிசையைச் சொல்கிறேன். இதோடு, இடது விளக்கிலிருந்து சேஸிஸின் காய்ந்த இடம் ஒன்றுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இரண்டாவது எர்த் ஒன்று கொடுத்துவிடுங்கள். மீன் வண்டிக்கு இது பெரிய பாதுகாப்பு.

அடுத்தது கப்ளர். களிம்பு லேசாக இருந்தால் எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, மெல்லிய நைலான் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். எலுமிச்சையும் வினிகரும் களிம்பைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் மிச்சம் உள்ளே தங்கினால் அதுவே அரிக்கத் தொடங்கும். டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டும், நடு வழியில் வண்டியைக் கிளப்ப உதவும், மாதக்கணக்கில் காப்பாற்றாது. பின் மெலிந்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தாலோ துடைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், அந்தக் கப்ளரை மாற்றிவிடுங்கள். பின் செருகும் பெண் டெர்மினல் தளர்ந்திருக்கிறதா என்பதை, அதே அளவு தனிப் பின் ஒன்றைச் செருகி இழுத்தால் கை சொல்லிவிடும்.

புதுக் கப்ளர் என்றால் ரப்பர் சீல் உள்ளதாக வாங்குங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் தனிச் சீல் இருக்க வேண்டும், ஒயர் போகாத ஓட்டைக்கும் அடைப்பான் போட வேண்டும். ஒரே ஒரு ஓட்டை திறந்திருந்தால் மற்றச் சீல்களால் பயனில்லை. ஒயரை இணைக்க சால்டரைவிட, உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் நல்லது. சால்டர் ஊறிய இடத்தில் ஒயர் விறைத்து, வண்டி அதிர அதிர அதன் ஓரத்தில் முறியும். கிரிம்ப்பின் மேல், சூடுபடுத்தினால் உள்ளே பசை உருகும் வகை ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். பசை இல்லாத மலிவு ஸ்லீவ் தண்ணீரைத் தடுக்காது.

கிரீஸ் போடலாமா என்றால், போடலாம், ஆனால் சிலிக்கான் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மட்டும். வீல் பேரிங் கிரீஸும் வாஸ்லைனும் பல ரப்பர் சீல்களை உப்பச் செய்துவிடும். சிலிக்கான் கிரீஸ் கரண்டைக் கடத்தாது என்று பயப்பட வேண்டியதில்லை. டெர்மினல் இறுக்கமாக இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் கிரீஸ் பிதுங்கி விலகிவிடும். மெல்லிய பூச்சு போதும், அள்ளித் திணிக்காதீர்கள். கடைசியாக, கப்ளருக்குள் போகும் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிக் கட்டுங்கள். ஒயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

வாட்டர் சர்வீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். ஐபி67 என்று போட்ட கப்ளர் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்றுதான் பொருள். கிட்டத்தில் வைத்து அடிக்கும் உயர் அழுத்தத் தண்ணீரைத் தாங்கும் சோதனை வேறு, அதன் பெயர் ஐபி69கே. ஓடிவந்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் அடித்தால், கப்ளருக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கிச் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வண்டி ஆறட்டும், தண்ணீர் அடிக்கும் கன்னைக் கப்ளர் பக்கம் நேராகத் திருப்ப வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவையுங்கள். லோடு இறக்கியதும் பின்பக்கத்தைச் சாதாரணக் குழாயில் நல்ல தண்ணீர் விட்டு அலசுவது உப்பைக் கழுவ நல்ல பழக்கம்.

எலெக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப்பின் ஊசியை ஒயரின் தோலில் குத்திப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். அந்த ஊசித் துளை வழியாகத் தண்ணீர் புகுந்து, இழைகளுக்கு நடுவே ஊறிக்கொண்டே போகும். தோல் வெளியே புத்தம் புதிதாகத் தெரியும், உள்ளே தாமிரம் கறுத்துப் பொடியாகியிருக்கும். குத்தியே தீர வேண்டுமென்றால் அந்த இடத்தை உடனே பசை ஸ்லீவால் மூடட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் சைலன்சர் பக்கம் சென்சார்களும் இருக்கும். அவற்றில் பல 5 வோல்ட்டில் ஓடுபவை, விளக்குக்குப் பெரிதாகத் தெரியாத தடை அங்கே எச்சரிக்கை விளக்கை எரிய வைத்துவிடும். அந்தப் பின்களில் உப்புத்தாள் படவே கூடாது. கிளீனர் மட்டும் போதும், கிரீஸும் ரப்பர் விளிம்பில் மட்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கெட்ட கப்ளரை வெட்டும்போது ஒயரின் தோலை உரித்துப் பாருங்கள். நாலு விரல்கடை வெட்டியதும் தாமிரம் சிவப்பாகப் பளபளத்தால் அங்கிருந்து புது ஒயர் சேர்த்து முடித்துவிடலாம், வயரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரடி வெட்டியும் கறுப்பாகவே வந்துகொண்டிருந்தால் ஒட்டுப்போடுவது வீண். அப்போதும் மாற்ற வேண்டியது பின் விளக்குகளுக்குப் போகும் கிளை வயரிங்கை மட்டும்தான்.