பாதியில் எழுந்து போனவள்

மேடம்,

நானும் என் தோழியும் காதலிக்கிறோம். ஒரே ஆபீசில் தொடங்கிய பழக்கம். இப்போது அவள் என்னோடு சரியாகப் பேசுவதே இல்லை. காரணம் ஒரு சினிமா.

2004-இல் வந்த 'டெப்ஸ்', ஏஞ்சலா ராபின்சன் இயக்கியது. இளம்பெண்களை உளவாளிகளாக்கும் ரகசியப் பள்ளியில் ஏமிதான் முதல் மாணவி. அவர்கள் தேடும் கொள்ளைக்காரி லூசி டயமண்ட். இருவருக்கும் காதல் வந்துவிடுகிறது. ஏமியைப் பார்ப்பதற்காகவே லூசி வங்கியில் கொள்ளையடிக்கிறாள்! பெண்ணும் பெண்ணும் காதலித்தால் ஒருத்தி செத்தே ஆக வேண்டும் என்கிற படங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இதில் இருவரும் கடைசியில் சேர்ந்து போகிறார்கள். அவளுக்காகத்தான் தேடி எடுத்தேன்.

நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். விழா மேடையில் ஏமி பேச வருகிற இடத்தில் எழுந்துவிட்டாள். போன் சார்ஜரைக் கழற்றி, வயரை விரலில் மெதுவாகச் சுற்றி, பையில் வைத்து, "நீ பார்த்துட்டு படு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நல்ல முடிவே அதற்கு அப்புறம்தானே வருகிறது?

எப்போதும் இப்படித்தான். போனை எடுக்க மாட்டாள். என்ன கோபம் என்று சொல்ல மாட்டாள். எவ்வளவு செய்தாலும் அவளுக்குப் போதாது. அண்ணன் எங்கள் போட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, "அவதான் என்னை விடாம சுத்துறா, நான் என்ன பண்ணட்டும்" என்று சொல்லிச் சமாளித்தேன். அண்ணி அதை அவளிடமே கேட்டு வைத்தாளாம். அதெல்லாம் பழைய கதை. ஒரு காமெடிப் படத்தைக்கூட என்னோடு முழுசாகப் பார்க்க முடியாதா? அவளுக்கு என்மேல் அன்பு குறைந்துவிட்டதா மேடம்?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

அவள் போனை எடுக்காததையும் அன்பு குறைந்ததா என்பதையும் தள்ளி வைப்போம். அண்ணனிடம் சொன்னதைப் "பழைய கதை" என்று ஒதுக்கினீர்களே, எனக்கு அங்கேதான் கண் நின்றது.

அந்தப் படத்தை நானும் ரசித்துப் பார்த்தவள். ஏமி எதற்காக மேடை ஏறுகிறாள்? இருவரும் சேர்ந்து பிடிபட்ட பிறகு, பள்ளியின் மானம் காக்க, லூசி அவளைக் கடத்திப் போனதாக ஒரு கதை கட்டுகிறார்கள். அதை ஏமியே தன் வாயால் சபையில் சொல்ல வேண்டும். நீங்கள் அண்ணனிடம் சொன்னதும் அதே கதைதான். உங்கள் தோழி அந்த இடத்தில் எழுந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஏமி பேச்சை மாற்றுவாள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வலி குறைந்திருக்குமா என்பது சந்தேகம்.

நீங்கள் பயந்ததில் தப்பில்லை. வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியே தீர வேண்டும் என்று எந்தப் பெண்ணையும் நான் நெருக்க மாட்டேன். ஆனால் மறைப்பது வேறு, பழி போடுவது வேறு. "தோழி" என்று சொல்லியிருந்தால் அது மறைப்பு. நீங்களோ உங்கள் ஆசையை முழுக்க அவள் தலையில் கட்டி, உங்களைப் பாவப்பட்டவளாக்கிக்கொண்டீர்கள். அதுவும் உங்கள் அண்ணி வாயால் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே நின்று அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்? உண்மையைச் சொன்னால் நீங்கள் மாட்டுவீர்கள், வாயை மூடினால் குற்றம் அவள்மேல் நிற்கும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவள் வாயை மூடிக்கொண்டாள் என்றே தெரிகிறது. அன்பு குறைந்தவள் அப்படிச் செய்வாளா?

இன்னொன்று கவனியுங்கள். அந்தப் பள்ளிக்கு ஆள் எடுப்பதே கல்லூரி நுழைவுத் தேர்வுக்குள் ஒளித்து வைத்த ஒரு சோதனையை வைத்துத்தான்: யார் பொய் சொல்வார், ஏமாற்றுவார், சண்டை போடுவார் என்று பார்க்கும் சோதனை. ஏமி அதில் முழு மதிப்பெண் வாங்கியவள். அவளுக்கே அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை. லூசியும் அதற்குள் திருடியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். நல்ல முடிவு என்று நீங்கள் கொண்டாடுவது, இருவரும் ஆளுக்கொன்றை விட்டுக்கொடுத்து வந்த முடிவு. அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று படம் தேடினீர்கள், அந்த அக்கறை பொய்யில்லை. ஆனால் சிரிப்பைக் கொடுத்து இதைச் சரிக்கட்ட முடியாது.

மேடை ஏற வேண்டாம். "அவ என்னைத் தொந்தரவு பண்ணலை, நான்தான் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன்" என்று அண்ணனிடம் சொன்னால் போதும். அதற்கு மேல் அவர் கேட்டால், இப்போது பேச விருப்பமில்லை என்று நிறுத்திக்கொள்ளலாம். அண்ணிக்கும் அதையே சொல்லுங்கள். தோழியிடம் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். பேசும்போது படத்தை ஏன் முழுசாகப் பார்க்கவில்லை என்று தொடங்காதீர்கள்.