காவலனை நீங்களே ஏமாற்றிவிட்டால்?

அண்ணாச்சி, நாலு பேர் சேர்ந்து எழுதும் கதையில் உங்கள் முதல் பகுதிக்குப் பிறகு ஏன் யாருமே தொடரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நடையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் ஒற்றன் தாமிரபரணியைக் கடந்து, பாளையங்கோட்டைக் காவலனை ஏமாற்றி, ஓலையையும் கொடுத்துவிட்டான். மற்றவர்களுக்கு என்ன மிச்சம்? காவலன் இன்னொருவரின் பாத்திரம். ஏமாறுவதா, பிடித்து உள்ளே தள்ளுவதா என்பதை அவர்தான் எழுத வேண்டும். ஒற்றன் பொய் சொல்லிவிட்டு நிற்கிறான், அவ்வளவோடு விடுங்கள்.

அப்புறம், கதை நடப்பது 1799இல். உங்கள் ஒற்றன் ஆற்றைக் கடக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல்தான் திறந்தது! ஒற்றனைப் படகில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் நம்மூர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். காவலனாக எழுதுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பாலத்தையும் கடைசிப் பத்தியையும் மட்டும் மாற்றினால் போதும்.