அகிஹபாராவை நம்பி டோக்கியோ வரலாமா?

கோவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, டோக்கியோவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. 4 வருட அனுபவம் இருக்கிறது, ஜப்பானிய மொழி சுத்தமாகத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே கேட்ஜெட், ஹெட்போன், வீடியோ கேம் என்றால் எனக்கு உயிர். இரண்டு வருடத்தில் அங்கேயே ஒரு கேம் கம்பெனிக்கு மாறிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வரலாமா? வந்தால் என்னென்ன எடுத்து வர வேண்டும்?”

தம்பி, நானும் இதே பைத்தியத்தோடுதான் 2010-இல் வந்து இறங்கினேன். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் முதல் சனிக்கிழமையே டோக்கியோவின் மின்சாமான் கடைவீதியான அகிஹபாராவுக்கு ஓடினேன். ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் ஒரு சந்து. மூன்றடி அகலக் கடைகளில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஸ்விட்ச், வயர் என்று மளிகைக் கடைப் பருப்பு மாதிரி தட்டுத் தட்டாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். அந்தச் சந்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். சொர்க்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது சனிக்கிழமை. திங்கள்கிழமை வேறு.

ஜப்பான் என்றால் நம் ஊரில் எல்லாரும் எதிர்காலத்தை நினைக்கிறார்கள். இங்கே அரசு அலுவலக விதிகளில் ஃப்ளாப்பி டிஸ்க்கில் தகவல் கொடு என்று சொன்னவை ஆயிரத்துக்கு மேல் இருந்தன. அவற்றை ஒழித்துக் கட்டிவிட்டதாக அப்போதைய டிஜிட்டல் அமைச்சர் கோனோ டாரோ அறிவித்தது 2024-இல்தான். ஃபேக்ஸ் இன்னும் சாகவில்லை. ஓடுகிற எதையும் இவர்கள் தூக்கி எறிவதில்லை, அவ்வளவுதான். இது உங்களுக்கு எரிச்சலைத் தரும் என்றால் ஆறு மாதத்தில் ஊர் டிக்கெட் பார்ப்பீர்கள். இதில் ஒரு ருசி கண்டுவிட்டால் என்னை மாதிரி இங்கேயே தங்கிவிடுவீர்கள்.

வேலையிலும் அதே கதை. என் முதல் கம்பெனி என்னை ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. கையில் கொடுத்த ஸ்பெக், அதாவது என்ன செய்ய வேண்டும் என்ற விவரக் குறிப்பு, ஒரு எக்ஸெல் கோப்பு. திறந்தால், கட்டங்கள் எல்லாம் கணக்கு நோட்டுச் சதுரம் மாதிரி குட்டிக் குட்டியாகச் சுருங்கி இருக்கின்றன. அதன்மேல் பெட்டியும் அம்புமாக மொத்த டிசைனையும் வரைந்திருக்கிறார்கள். ‘எக்ஸெல் ஹோகன்ஷி’ என்று இதற்குப் பெயரே உண்டு. ஹோகன்ஷி என்றால் கிராஃப் தாள். டெஸ்ட் செய்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு படிக்கும் திரையைப் படம் பிடித்து இன்னொரு எக்ஸெலில் ஒட்டி, பார்க்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கட்டம் போட வேண்டும். அதற்குப் பெயர் ‘எவிடென்ஸ்’. ஒருமுறை என் சிவப்புக் கோடு மற்றவர்களுடையதைவிடத் தடிமனாக இருக்கிறது என்று நாற்பது பக்கத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரவு பத்தரை மணிக்கு உட்கார்ந்து கோட்டை மெலியவைத்துக்கொண்டிருந்தேன். பி.இ. படித்தது இதற்கா என்று தோன்றியது. ஆனால் அந்த சிஸ்டம் ஒரு ஞாயிறு இரவு லைவ் போனது. மறுநாள் காலை ஒரு போன்கூட வரவில்லை. அத்தனை அமைதியான திங்கள்கிழமையை நான் சென்னையில் பார்த்ததே இல்லை.

எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை. ஆங்கிலத்திலேயே வேலை நடக்கும் ஸ்டார்ட்அப்களும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் டோக்கியோவில் இருக்கின்றன. அதனால் ஆஃபர் கடிதத்தில் சம்பளத்துக்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் ‘செய்ஷாயின்’, அதாவது நிரந்தர ஊழியரா, ஒப்பந்தமா, இல்லை ‘ஹாக்கென்’ என்று வேறு இடத்துக்கு அனுப்பப்படும் ஆளா? எந்த இடத்தில் உட்காரப் போகிறீர்கள், அந்த டீமில் என்ன மொழி பேசுகிறார்கள்? இதை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் ஒரு வெடி. முதல் வருடம் கைக்கு வரும் சம்பளத்தை நம்பிச் செலவைப் பழக்கிக்கொள்ளாதீர்கள். ‘ஜூமின்ஸே’ என்று உள்ளூர் வரி ஒன்று, முந்தைய வருடத்தின் வரிக்குரிய வருமானத்தில் கிட்டத்தட்ட 10 சதவீதம். புதிதாக வந்தவருக்கு முந்தைய வருட வருமானம் இங்கே இல்லாததால் முதலில் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஜூனிலிருந்து பிடிக்க ஆரம்பிப்பார்கள். “அண்ணா, சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள்” என்று வருடா வருடம் எனக்கு யாராவது ஒரு பையன் போன் செய்வான்.

கேம் கம்பெனிக் கனவுக்கு வருவோம். விசா ஒரு தடையில்லை. பொறியாளர் விசாவில் கம்பெனி மாறலாம். மாறி 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும். தடை மொழி. நிண்டெண்டோ கியோட்டோவில் இருக்கிறது, கேப்காம் ஒசாகாவில். அங்கெல்லாம் ஒரு கதாபாத்திரம் குதித்து இறங்கும்போது எத்தனை ஃப்ரேம் நிற்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள், அதுவும் ஜப்பானிய மொழியில். உங்கள் சி++ எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பேச்சுக்குள் நுழைய முடியாதவர் ஓரத்திலேயே நிற்பார். இரண்டு வருடத்தில் முடியுமா என்றால், தினமும் ஒரு மணி நேரம் படித்து ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 (மேலிருந்து இரண்டாம் படி) வாங்கினால் முயன்று பார்க்கலாம். கீழ்ப்படித் தேர்வை சென்னையிலேயே எழுதிவிட்டு வாருங்கள். இன்னொரு லாபமும் உண்டு. உயர்திறன் விசாவுக்கான புள்ளிக் கணக்கில் என்2-க்கு 10, என்1-க்கு 15. மொத்தம் 80 தொட்டால் ஒரே வருடத்திலும், 70 என்றால் மூன்று வருடத்திலும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

கேட்ஜெட் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பழமைவாதம். இங்கே புதிதாக வாங்காதீர்கள், செகண்ட் ஹேண்ட் வாங்குங்கள். வரியில்லாமல் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அது சுற்றுலாப் பயணிக்கு. வேலை விசாவில் வரும் உங்களுக்குக் கிடையாது. பழைய பொருள் கடையில் ஒவ்வொரு சாமானிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: “அடிப்பக்கம் இடது மூலையில் மயிரிழைக் கீறல்.” நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால்தான் அந்தக் கீறல் தெரியும். விற்பவன் தன் சரக்கின் குறையைத் தானே எழுதி ஒட்டும் ஊர் இது.

போன் மட்டும் யோசியுங்கள். ரயிலுக்கும் கடைக்கும் இங்கே சுய்கா கார்டுதான், 2001-இலிருந்து. அதை போனில் போட, தொட்டுக் காசு கட்ட உதவும் ஃபெலிகா என்ற சிப் வேண்டும். ஐபோன் 8-க்குப் பிறகு வந்தவற்றில் எந்த நாட்டில் வாங்கினாலும் அது இருக்கிறது. ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் பிளாஸ்டிக் கார்டை வைத்துக்கொள்ளலாம், அதில் ஒன்றும் கேவலமில்லை. இங்கே விற்கும் போன்களில் பெரும்பாலும் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். சாப்பாட்டைப் படம் எடுத்தால் ஓட்டலே திரும்பிப் பார்க்கும்.

ஹெட்போனுக்குக் காசு செலவழியுங்கள், தப்பில்லை. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷி-கசாயில் வீடு பார்த்தால் டோசாய் ரயில் லைனில்தான் போக வேண்டும். கொரோனாவுக்கு முன் காலை நேரத்தில் அதன் நெரிசல் கொள்ளளவில் 199 சதவீதம். நிஷி-கசாயில் மேம்பாலத்தில் வெயிலோடு ஏறுவீர்கள், மினாமி-சுனமாச்சி வந்ததும் வண்டி பூமிக்குள் இறங்கும், இரைச்சல் அப்படியே காதை அறையும். அங்கேதான் வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங்கின் அருமை தெரியும். மூடாத ஹெட்போன் போட்டு வெளியே பாட்டு கசிய விட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். பார்ப்பார்கள். அது திட்டுவதைவிட மோசம்.

இசை என்று எடுத்துக்கொண்டால், இந்த நாட்டை எனக்குப் புரிய வைத்ததே அதுதான். அமெரிக்காவில் டவர் ரெக்கார்ட்ஸ் என்ற இசைக்கடை நிறுவனம் 2006-இல் திவாலானது. டோக்கியோவின் ஷிபுயாவில் அதே பெயர்க் கடை மஞ்சள் பலகையோடு ஒன்பது மாடியாக இன்னும் நிற்கிறது. சிடியை இன்னும் வாங்குகிறார்கள். என் அப்பா ஒரு நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி கேசட் பதிவுக் கடைக்கு எடுத்துப் போவார். “டிடிகே தொண்ணூறு போட்டுக் கொடுங்க” என்பார். அந்தக் கேசட்டைச் செய்த டிடிகே ஒரு டோக்கியோ கம்பெனி என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

பழைய மின்சாமான் விற்கும் ஹார்ட் ஆஃப் கடையில் ‘ஜங்க்’ என்று ஒரு பகுதி இருக்கும். கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. ஓடினால் உன் அதிர்ஷ்டம் என்று அர்த்தம். அங்கே 550 யென்னுக்கு ஒரு எம்டி வாக்மேன் எடுத்தேன். எம்டி என்றால் சோனி 1992-இல் கொண்டுவந்த மினிடிஸ்க், பாட்டைப் பதிந்து கேட்கும் சின்ன வட்டு. சூயிங்கம் பட்டை மாதிரி மெல்லிய பேட்டரி, உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. வினிகரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, புது பேட்டரி போட்டதும் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு டிஸ்க். ஒவ்வொரு பாட்டின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் பொத்தானை அமுக்கி ஏற்றியிருந்தார்கள். இன்று ஒருமுறை தொட்டால் பத்துக் கோடிப் பாட்டு வருகிறது, நல்லதுதான். நானும் மாதச் சந்தா கட்டுகிறேன். ஆனால் பாதித் தமிழ்ப் பாட்டு ஒருநாள் சாம்பல் நிறமாகி “உங்கள் நாட்டில் இல்லை” என்று சொல்லும்போது கையிலிருக்கும் சிடிதான் பாடுகிறது. ஊரில் இருப்பதைக் கணினியில் ஏற்றி எடுத்து வாருங்கள். காலி எம்டி டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் சோனியும் நிறுத்திவிட்டது. நான் இருபது வாங்கிப் பதுக்கியிருக்கிறேன், மனைவிக்குத் தெரியாது.

காசு போட்டு ஆடும் கேம் சென்டர் பார்க்க வேண்டுமென்றால் சீக்கிரம் வாருங்கள், குறைந்துகொண்டே போகிறது. ஒரு ஆட்டம் 100 யென் என்பது எத்தனையோ வருடமாக மாறவில்லை. விற்பனை வரி 1989-இல் 3 சதவீதம், பிறகு 5, 8, இப்போது 10. கடைக்காரன் 110 யென் கேட்க முடியாது, இயந்திரத்தின் வாயில் நுழைவது அந்த ஒற்றை நாணயம்தான். வரி ஏற ஏற அவன் வயிற்றில்தான் அடி. கேம் கம்பெனியான சேகா தன் கேம் சென்டர்களையே கைகழுவிவிட்டது. போன மாதம்கூட ஒரு கோட் சூட் ஆசாமியைப் பார்த்தேன். அலுவலகப் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டி, ஒரு தாள விளையாட்டில் மூன்று பாட்டு அடித்து, கையுறையை மடித்து வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினார். வேர்வைகூடத் துடைக்கவில்லை.

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் பெட்டி 2025-இல் இங்கே 49,980 யென்னுக்கு வெளிவந்தது என்று கேள்விப்பட்டு ஆசைப்படுவீர்கள். அந்த விலை ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பெட்டிக்கு. மெனு ஆங்கிலத்துக்கு மாறாது, ஜப்பான் என்று பதிந்த கணக்கைத் தவிர வேறு எதுவும் இணையாது. எல்லா மொழியும் உள்ளது வெளிவந்தபோது 69,980. என்2 படிக்கப் போகிறீர்கள் என்றால் மலிவானதையே வாங்குங்கள், பாடப் புத்தகச் செலவு என்று நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, என்ன எடுத்து வருவது. லேப்டாப், போன் சார்ஜர்களுக்குக் கவலை வேண்டாம், 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். கவலை மிக்ஸிக்குத்தான். இங்கே சுவரில் வருவது 100 வோல்ட். அதிலும் டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. டோக்கியோ அந்தக் காலத்தில் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது, நூறு வருடத்துக்கு மேலாகியும் ஒன்று சேரவில்லை. 2011 நிலநடுக்கத்தின்போது மேற்கிலிருந்து கிழக்குக்கு 10 லட்சம் கிலோவாட்டுக்கு மேல் மாற்றி அனுப்ப முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

நான் அம்மா கொடுத்தனுப்பிய 750 வாட் மிக்ஸியை அப்படியே செருகினேன். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் ஒரு முனகல்தான் வந்தது. பிறகு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். செங்கல் கனம், சமையலறை மேடையில் பாதியை அடைத்துக்கொண்டது. நீங்கள் அமெரிக்காவுக்கென்று விற்கும் 110 வோல்ட் மிக்ஸியாகப் பார்த்து வாங்கி வாருங்கள். கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் அரைக்கும். அதன் பிளக்கில் மூன்று முள் இருக்கும், இங்கே சுவரில் பெரும்பாலும் இரண்டு ஓட்டைதான். அந்தச் சின்ன மாற்றியை நான் சொன்ன அகிஹபாரா சந்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.